மகிழ்ச்சி (இசைத் தொகுப்பு)

மகிழ்ச்சி என்பது சென்னையைச் சேர்ந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத் தொகுப்பு ஆகும்.

தோற்றம்

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து இக்குழுவை உருவாக்கினர். 19 பேர் கொண்ட இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வலியுறுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் கருத்தே குழுவின் பெயருக்கு அடிப்படை.

இசை

வடசென்னையில் இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் பாடப்படுவது கானா. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்டது பறை. இவ்விரண்டும் இங்கு ராக், ராப் இசைகளுடன் சமமாக ஒலிக்கின்றன. கிதாருக்கும் பறைக்கும் ஒரே மேடை, ஒரே மதிப்பு என்பதே இம்முயற்சியின் புதுமை. கானா பெரும்பாலும் ஆண்களின் கலையாக இருந்த நிலையில், இசைவாணி இக்குழுவின் பாடகியாகப் புகழ்பெற்றார்; 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பாடுபொருள்

இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உணவு, அம்பேத்கர் ஆகியவை குழுவின் முக்கியப் பாடுபொருள்கள். 'கோட்டா' என்னும் பாடல் இடஒதுக்கீட்டைச் சலுகை என ஏளனம் செய்வோருக்கு விடை கூறுகிறது. ஒப்பாரிக்கு உரியவை என விலக்கப்பட்ட இசைக்கருவிகளைக் கொண்டு உரிமை கேட்டவர்கள், தம் முதல் தொகுப்புக்கு 'மகிழ்ச்சி' எனப் பெயரிட்டது குறிப்பிடத்தக்கது.