ஜெய்பால் சிங் முண்டா

ஜெய்பால் சிங் முண்டா (3 ஜனவரி 1903 – 20 மார்ச் 1970) ஆதிவாசித் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், ஹாக்கி வீரர். ராஞ்சிக்கு அருகே குந்தி வட்டாரத்தின் தக்ரா கிராமத்தில் முண்டா குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் மாடு மேய்த்தவர். மிஷன் பள்ளியில் அவர் திறமையைக் கண்ட பாதிரியார் இங்கிலாந்துக்கு அழைத்துப்போக, ஆக்ஸ்போர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தார்.

ஐ.சி.எஸ். ஆட்சிப்பணிப் பயிற்சியின்போது, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கும் அழைப்பு வந்தது. விடுப்பு கிடைக்காமலேயே போனார். ஒரு கோல்கூட வாங்காமல் இந்தியா தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. திரும்பி வந்தவரிடம் பயிற்சியை ஓராண்டு நீட்டிக்கச் சொன்னதும் ஐ.சி.எஸ்ஸையே உதறிவிட்டார். பிறகு எண்ணெய் நிறுவனம், ஆப்பிரிக்காவில் ஆசிரியப் பணி, பிகானேர் சமஸ்தானம் எனப் பல வேலைகள்.

1939இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். அவருடைய தனி முத்திரை விழுந்த இடம் அரசியல் நிர்ணய சபை. 1946 டிசம்பரில், தன்னைக் காட்டுவாசி என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு பேச எழுந்தவர், ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மதுவிலக்கை அரசின் நெறியாகச் சேர்க்கும் விவாதத்திலும் சளைக்கவில்லை. அரிசியில் வடிக்கும் மது தங்கள் வழிபாட்டின் பகுதி என்றார். அது கிடைக்காவிட்டால் வங்காளத்து வயல்களில் நாற்று நட சந்தால் ஆதிவாசிகள் இறங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். சபை அவர் பேச்சைக் கேட்டது, நெறியையும் நிறைவேற்றிக்கொண்டது. இன்றைய அரசியலமைப்பின் 47ஆவது பிரிவில் இருப்பது அதுதான்.

மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக மாறி, 1952 தேர்தலில் சேவல் சின்னத்தில் 32 இடங்கள் வென்று பிகார் சட்டசபையின் முதன்மை எதிர்க்கட்சியானது. ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அவர் முன்வைத்த ஜார்க்கண்ட் தனி மாநிலக் கோரிக்கையை நிராகரித்தது. கட்சி மெல்லத் தேய்ந்தது. 1963இல் அதைக் காங்கிரசில் இணைத்தார். பிகாரில் சிறிது காலம் அமைச்சராகவும் இருந்தார். தொண்டர்கள் பலர் அந்த இணைப்பை மன்னிக்கவில்லை. அவர் அரசியல் வாழ்வின் ஆகப்பெரிய பிசகு அதுவே எனலாம்.

அவர் கேட்ட ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15 அன்று உருவானது. பிகாரின் தென் மாவட்டங்கள் மட்டுமே அதில் அடங்கின; அவர் கேட்டிருந்த வங்காளம், ஒடிசா, மத்தியப் பிரதேசப் பகுதிகள் சேரவில்லை.