சுங்கவரி நெருக்குதல் (வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரம்)

வருவாய்க்காக அன்றி, பிற நாட்டைப் பணியவைக்கத் தீர்வையை உயர்த்துவதும் சலுகையைப் பறிப்பதும் சுங்கவரி நெருக்குதல் எனப்படும். பேச்சுவார்த்தையில் இடமில்லாத தொழிலாளரே இதன் சுமையைத் தாங்குகின்றனர்.

வகைகள்: எடுத்துக்காட்டாக, போதைப்பொருள் கட்டுப்பாட்டில் அமெரிக்கா இதை இருவழிகளில் கையாண்டுள்ளது. முதலாவது சலுகை வழி. கோக்கா பயிரை ஒடுக்க ஒத்துழைக்கும் பொலிவியா, கொலம்பியா, எக்குவடோர், பெரு ஆகிய நாடுகளுக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் தீர்வைச் சலுகை அளித்தது; 2008இல் பொலிவியா அதை இழந்தது. இரண்டாவது தண்டனை வழி. ஒத்துழைக்காத நாட்டின் சரக்குக்கு 50 விழுக்காடு வரை கூடுதல் தீர்வை விதிக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஃபென்டனில் என்னும் போதைப்பொருளின் கடத்தலைக் காரணம் காட்டி 2025இல் சீனா, கனடா, மெக்சிகோ மீது விதித்த தீர்வைகளுக்கு வேறொரு நெருக்கடிநிலைச் சட்டம் பயன்பட்டது. சீனாவுக்கான 20 விழுக்காடு, பேச்சுக்குப்பின் அவ்வாண்டு நவம்பரில் 10 ஆனது.

தோல் வட்டார வரலாறு: இத்தகைய தீர்வைகளால் பாதிக்கப்பட்ட வட்டாரம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்கள் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. உப்பிட்டு வந்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடுவது இங்கு முன்பு வழங்கிய முறை. இந்த அரைப்பதத் தோல் சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் சந்தைக்குச் சென்றது. கல்கத்தாவின் பச்சைத்தோல் வணிகமோ முதல் உலகப்போர் வரை ஜெர்மானிய வணிகர் பிடியில் இருந்தது. போர்க்காலத்தில் படைவீரரின் பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத் தோலை அரசே வாங்கிக்கொண்டது.

பச்சைத்தோல் வணிகத்தில் ஜெர்மனியை மீண்டும் நுழையவிடாதிருக்க, 1919 செப்டம்பரில் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரு பங்கு திருப்பித் தரப்பட்டது. உள்நாட்டுப் பதனிடுவோரைக் காக்கவே என்று அரசு சொன்னபோதிலும், அந்தத் தள்ளுபடி இங்கிலாந்து ஆலைகளுக்கே கைகொடுத்தது. 1923இல் தீர்வை 5 விழுக்காடாகி, தள்ளுபடியும் நீங்கியது.

விடுதலைக்குப்பின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்நாட்டுத் தொழிலுக்குப் பயன்பட்டது. அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையால் 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது; ஆம்பூரில் ஷூ ஆலைகள் பெருகின. ஷூவின் மேற்பகுதியை (அப்பர்) தைக்கும் வேலை ஏராளமான பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தது.

2025 நிலை: ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அமெரிக்கா விதித்த கூடுதல் வரியால், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கான மொத்தக் கூடுதல் தீர்வை 50 விழுக்காட்டை எட்டியது; ஆம்பூர் ஷூவும் அதற்குத் தப்பவில்லை.