தணலும் தூபமும்

இந்தியத் தூபப் பொருள்களில் பெரும்பாலானவை மரப்பிசின்கள். குக்குலு, குங்கிலியம், குந்திரிக்கம், சாம்பிராணி எல்லாமே பட்டையில் கசிந்து இறுகுபவை. அகிலும் சந்தனமும் கட்டையாகவே புகைக்கப்பட்டன. கட்டை கனலும், பிசின் தானாகக் கனலாது. நேரே தீ வைத்தால் சுடர்விட்டுக் கரிப்புகை கக்கும். சுடரை ஊதிவிட்டால் சற்றைக்கெல்லாம் அணைந்துவிடும். தணலில் இட்டால்தான் உருகிப் பொங்கி மணத்தை விடும். தூபத்தின் வரலாற்றில் பாதி இந்தத் தணலின் கதைதான்.

சங்க காலத்தில் அகிற்புகை செல்வர் வீட்டு வழக்கம். கூதிர்க்காலக் குளிரில் அகிலோடு வெள்ளை அயிரையும் சேர்த்துப் புகைப்பதை நெடுநல்வாடை சொல்கிறது. அயிர் என்பதைக் கண்டசருக்கரை என்று கொள்வது உரை மரபு. மணப்பொருளோடு இனிப்பைச் சேர்க்கும் இந்தப் பழக்கம் பிறகு தூபக் கலவைகள் எங்கும் பரவியிருக்கிறது. தேனும் வெல்லமும் பொடியைப் பிணைத்தன. ஈரத்தைப் பிடித்துவைத்து எரியும் வேகத்தையும் தணித்தன. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மணக்கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 16 பொருள்களில் நான்கு நான்காக எடுத்தால் 1820 கலவைகள் வரும் என்று அதில் கணக்கும் போட்டிருக்கிறார். சோதிடர் கை வைத்தால் வாசனையும் கணிதமாகிவிடும்.

இந்தச் சரக்குகள் கடல் கடந்து திரிந்தவை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், சிந்து முகத்துவாரத்துத் துறைமுகத்திலிருந்து குக்குலு ஏற்றுமதியானதையும் அங்கே குந்திரிக்கம் வந்து இறங்கியதையும் பதிவு செய்கிறது. மத்திய இந்தியக் காடுகளில் உள்ளூர்க் குந்திரிக்க மரங்கள் இருந்தபோதே அயல்நாட்டுச் சரக்குக்கும் இங்கே கிராக்கி இருந்தது. சாம்பிராணியோ சுமத்ரா மலைகளின் விளைபொருள். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பாருஸ் துறைமுகத்தருகே, தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

உள்நாட்டில் தூபப் பொருள் விற்ற விதத்தைப் பெரியபுராணம் காட்டுகிறது. நெல் வாங்கிவர மனைவி தந்த தாலியைத் திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர் எதிரே வந்த வணிகனிடம் கொடுத்து, குங்கிலியப் பொதியோடு கோயிலுக்குப் போகிறார். இதைப் பக்தியின் எல்லை என்று வாசிப்பதே மரபு. வணிக வரலாற்றுக்கோ வேறொன்று முக்கியம்: 12ஆம் நூற்றாண்டில் குங்கிலியத்தைப் பொதியாகச் சுமந்து தெருவில் விற்றார்கள் என்பது கேட்பவர்களுக்குப் பழகிய காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

நல்ல தூபம் பாதி சரக்கில், பாதி கைப்பக்குவத்தில். செக்கச்செவேலென்ற கங்கில் சாம்பிராணியைக் கொட்டினால் அதன் இனிய மணம் கருகி, தொண்டையைக் கமறும் புகையே மிஞ்சும். தணல் மேல் நீறு பூக்கும்வரை பொறுத்து, சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். பொடி சட்டென்று புகைந்து ஓயும். கட்டி மெல்ல உருகி நின்று மணக்கும். சாம்பிராணி முழுக்க உருகிவிடும். குக்குலுவில் கோந்தும் கலந்திருப்பதால் ஒரு பகுதி உருகாமல் கரியும். அதன் மணத்தில் கசப்பும் இனிப்பும் சேர்ந்தே வரும். தணலுக்குத் தமிழ்நாட்டில் அடுப்புக்கரியோ கொட்டாங்கச்சியோ போதும். வங்காளத்தின் துனுச்சி என்ற தூபக்கலத்தில் தேங்காய் நார் எரிகிறது. வடக்கே பல வீடுகளில் வறட்டித் தணலில் குக்குலு இடுகிறார்கள். தலை முழுகிய பெண்களின் கூந்தலுக்கும் குளிப்பாட்டிய குழந்தைக்கும் புகை காட்டுவதும், பாய்மார்கள் கடை கடையாகச் சாம்பிராணி போட்டுச் செல்வதும் இந்தத் தூபக்கால் பண்பாட்டைச் சேர்ந்தவை.

தணலைத் தனியே மூட்டும் வேலையை ஒழித்தது ஊதுபத்தி. மூங்கில் குச்சியில் மாவை உருட்டும் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பகுதியில் வேரூன்றியது. மாவில் கலந்த கரித்தூளே தணலாகிவிட்டது. பசைக்கு மரப்பட்டைப் பொடி. மட்டிப்பால் என்னும் பிசின் சேர்ந்த பத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று இருக்கும், நிதானமாக எரியும். குச்சியில்லாத தூபக்கட்டியில் மூங்கில் கருகும் வாடை கிடையாது. பருமன் கூடுதல் என்பதால் புகையும் கூடுதல். தசாங்கப் பொடியை அச்சில் அழுத்திக் கூம்பாக்கிக் கொளுத்துவதும் இதே வகை. கொளுத்தியதும் தானே புகையும் சாம்பிராணித் துண்டுக்குத் தமிழ்நாட்டுக் கடைத்தெரு ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ என்று பெயர் சூட்டியது. கணினிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

வசதிக்குக் கொடுத்த விலையும் உண்டு. செயற்கை மணத்தில் தோய்த்த பத்தி, உறையைப் பிரித்ததுமே ஆளைத் தூக்கும். பிசின் தூபமோ தணலில் பட்ட பிறகே முழுதாக மணக்கும். இன்று அசல் சரக்கும் அருகிவருகிறது. அதிகப் பால் வேண்டிப் பட்டையை அளவுமீறிக் கீறியதால் ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் குக்குலு மரங்கள் பட்டுப்போயின. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அம்மரம் இப்போது மிக அருகிய இனம்.