கூட்டத்தொடரின் இறுதி நாட்களில் ஆபிரகாம் லிங்கன்

சட்டசபைக் கூட்டத்தொடர் ஒன்றின் இறுதி வாரம் எந்த நாட்டிலும் அவசரத்தின் வாரமே. மாதக்கணக்கில் இழுபட்ட சட்டமூலங்கள் ஓரிரு நாட்களில் நிறைவேறிவிடும். பேரங்கள் முடிவுக்கு வரும். அந்த இரைச்சலினிடையே எவரும் பெரிதாகக் கவனிக்காத சில பக்கங்களும் சபையின் பதிவேட்டில் ஏறிவிடுவதுண்டு. அத்தகையதொரு பக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

அமெரிக்காவின் இலினோய் மாநில சட்டசபை, 1836 டிசம்பரில் வண்டாலியா நகரில் கூடியது. சங்கமோன் மாவட்டத்திலிருந்து இரு சபைகளுக்கும் சேர்த்து ஒன்பது பேர் தெரிவாகியிருந்தனர். அனைவருமே நெடிய உருவத்தினர் என்பதால் 'நெடிய ஒன்பதின்மர்' என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரே ஆபிரகாம் லிங்கன். இரண்டாவது தடவையாகத் தெரிவாகியிருந்த அவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

மாநிலத் தலைநகரை வண்டாலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றுவதே இந்த ஒன்பதின்மரின் முதன்மை நோக்கமாக இருந்தது. அதே கூட்டத்தொடரில் ரயில் பாதைகள் உள்ளிட்ட பணிகளுக்காக ஒரு கோடி டொலர் அளவிலான பெருந்திட்டமும் முன்வைக்கப்பட்டது. தத்தம் ஊர்களுக்கு ரயில் பாதை வேண்டிய உறுப்பினர்களின் வாக்குகளைத் தலைநகருக்காகப் பேரம் பேசிப் பெற்றனர் என எதிரணியினர் குற்றஞ்சாட்டினர். அவ்வாறு நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. 1837 பெப்ரவரி 28 அன்று, நான்காவது சுற்று வாக்கெடுப்பில், 73 வாக்குகளுடன் ஸ்பிரிங்ஃபீல்ட் வென்றது.

இதனிடையே வேறொரு விடயமும் சபைக்கு வந்திருந்தது. அடிமை முறையை ஒழிக்கக் கோரும் சங்கங்களின் செயற்பாடுகளைக் கண்டிக்குமாறு தென் மாநிலங்கள் ஏனைய மாநிலங்களைக் கேட்டிருந்தன. இலினோய் அடிமை முறையற்ற மாநிலமாகவே ஒன்றியத்தில் இணைந்தது. ஆயினும், அதன் குடிகளில் பலர் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்தும், அடிமைகளை உடைமையாக வைத்திருக்கும் உரிமை தென் மாநிலங்களுக்கு உண்டு என ஏற்றும் கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள், ஜனவரி 20 அன்று பிரதிநிதிகள் சபையில் 77 வாக்குகளுக்கு 6 என்ற கணக்கில் நிறைவேறின. எதிர்த்த அறுவரில் லிங்கனும் ஒருவர்.

எதிர்த்து வாக்களித்ததற்கான காரணத்தை அவர் உடனே எழுத்தில் வைக்கவில்லை. தலைநகர் வாக்கெடுப்பு முடிந்து மூன்றாம் நாள், அதாவது மார்ச் 3 அன்றுதான், தமது எதிர்ப்புரையைச் சபைப் பதிவேட்டில் சேர்ப்பித்தார். கூட்டத்தொடர் முடிய மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. சங்கமோனின் மற்றொரு உறுப்பினரான டான் ஸ்டோன் மட்டுமே அதில் அவருடன் கையொப்பமிட்டார்.

அடிமை முறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் வேரூன்றியது என்றது அவ்வுரை. ஆனால், ஒழிப்புக் கோட்பாட்டைப் பரப்புவது அத்தீமையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்யும் என்றும் கூறியது. மாநிலங்களுக்குள் அடிமை முறையில் தலையிடக் கொங்கிரசுக்கு அதிகாரமில்லை. தலைநகர் வொஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தில் அதிகாரம் உண்டு. எனினும் அங்குள்ள மக்கள் கோரினாலன்றி அதைப் பயன்படுத்தலாகாது என்பதே அதன் நிலைப்பாடு.

இதைக் கோழைத்தனம் என்பதா, சாதுரியம் என்பதா? வாக்குகள் தேவைப்பட்டவரை காத்திருந்தார் என்று கூறுவதில் தவறில்லை. எழுதியதும் அளந்து எழுதிய சொற்களே. அதனால் அன்று எந்தச் சட்டமும் மாறவில்லை. எந்த அடிமையும் விடுதலை பெறவில்லை. ஆயினும், தம்மைத் தெரிவு செய்த மக்களில் பலர் விரும்பாத ஒரு சொல்லை, 'அநீதி' என்ற சொல்லை, தம் பெயருடன் அவர் அரச ஏட்டில் பதித்தார். அதைச் செய்யாதிருந்தாலும் எவரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

1860இல் ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், லிங்கன் இந்த எதிர்ப்புரையை நினைவூட்டினார். அடிமை முறை குறித்த தமது நிலை அன்றுபோலவே இன்றும் உள்ளது என்றார். 1862 ஏப்ரல் 16 அன்று, கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் ஜனாதிபதியாகக் கையொப்பமிட்டார். அம்மாவட்ட மக்களின் சம்மதம் வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் அவரும் நகர்ந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தொடரின் பெருவெற்றியாகக் கொண்டாடப்பட்ட ஒரு கோடி டொலர் திட்டமோ, அதே ஆண்டில் வெடித்த பொருளாதார நெருக்கடியின் பின் சரிந்து, மாநிலத்தைக் கடனில் ஆழ்த்தியது. இறுதி நேரத்தில் இருவர் மட்டும் கையொப்பமிட்ட அந்தச் சிறு குறிப்பே இன்றும் படிக்கப்படுகிறது.