கொழும்பு நகரிலே தொழில்நுட்பக் கல்வி

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையே முதன்மையாகக் கொள்வர். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நின்று, சில ஆண்டுப் பயிற்சியால் மாணவரைத் தொழிலுக்கு ஆயத்தஞ்செய்யும் கல்லூரிகளுக்கு அவ்வரலாற்றிற் சிறிதளவு இடமே கிடைக்கின்றது. அமெரிக்காவிலே 1901ஆம் ஆண்டு யோலியற் நகரில் தோன்றிய கல்லூரி, பிற்காலத்திற் சமூகக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிலையங்களுக்கு முன்னோடியாகப் போற்றப்படுகின்றது. கொழும்பு மாநகரோ நோக்கத்தால் அதனோடு ஒப்பிடத்தக்க நிலையம் ஒன்றை எட்டு ஆண்டுகள் முன்னரே கண்டது.

1893ஆம் ஆண்டு மருதானையிலே அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. புகையிரதம், தந்தி, நில அளவை, பொதுவேலை ஆகிய துறைகளுக்குப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்ட காலம் அது. 1906இல் அப்பாடசாலை இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் மாறியது. காலப்போக்கில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கும் அங்கு மாணவர் ஆயத்தஞ்செய்யப்பட்டனர். ஆயினும், அக்கல்லூரியின் வாயில் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தமையால், கைத்திறன் மிக்க கம்மியர் மகனாயினும் ஆங்கிலம் அறியாதவன் வெளியிலேயே நிற்க நேர்ந்தது.

மேனாட்டு அறிவியலைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்பதனால் இந்நிலை ஏற்பட்டதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவரேனும், 1864 முதல் மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். கலைச்சொற்களை வகுத்து, நூல்களை மொழிபெயர்த்து, தம் மாணவரையும் அப்பணியில் ஈடுபடுத்தினார். மருதானைப் பாடசாலை தோன்றுதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இம்முயற்சி பயன் தந்திருந்தது. தலைநகரின் கல்விக்கொள்கை அதனைப் பின்பற்றவில்லை என்பதே வரலாறு.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை வேறு வடிவெடுத்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் அமைந்தது. 1964இல் அது பேராதனைக்குச் சென்றது. 1960இல் கனடா நாட்டின் உதவியுடன் கட்டுபெத்தையில் எழுந்த செய்முறைத் தொழில்நுட்ப நிலையமே, பல மாற்றங்களுக்குப் பின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இதே காலப்பகுதியிற் பள்ளிக்கூடக் கல்வி தாய்மொழிக்கு மாறியது. பல்கலைக்கழகத்துக் கலைப்பாடங்களும் மாறின. பொறியியற் பட்டக்கல்வியோ ஆங்கிலத்திலேயே நின்றது. முன்னர் வாயிலில் நின்ற தடை இப்போது வகுப்பறைக்குள்ளே புகுந்தது. கணிதமும் பௌதிகமும் தமிழிற் கற்றுத் தேறிய மாணவன், அறிந்த பொருளையே அறியாத மொழியில் மீண்டும் கற்கவேண்டியவனானான். இந்நாட்டிலே ஆங்கிலக் கற்கைநெறி தொழிற்கல்வியின் இன்றியமையாத துணையாகியமைக்குக் காரணம் இதுவேயாம்.

1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், தொழில் புரிந்துகொண்டே கற்போர்க்கு நாவலையில் இடமளித்தது. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் உயர்தொழில்நுட்ப நிலையங்களுக்கு வழிவகுத்தது. அவற்றுள் ஒன்று கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளியிற் பொறியியல் உயர் டிப்ளோமாவையும், மற்றொன்று வெள்ளவத்தையை அடுத்த தெகிவளையில் ஆங்கில உயர் டிப்ளோமாவையும் கற்பித்து வந்துள்ளன. ஒரே நகரின் வட எல்லையில் ஒரு கல்வியும் தென் எல்லையில் மற்றொரு கல்வியும் அமைந்தமை நோக்கத்தக்கது.

இவ்விரு எல்லைகளையும் இணைப்பது ஒன்று உண்டு, அது நீர். கொழும்பின் தாழ்நிலங்களிற் சேரும் மழைநீர் வடக்கே முகத்துவாரத்தினூடாகவும், தெற்கே வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களினூடாகவும் கடலை அடைகின்றது. கால்வாயின் அகலத்தையும் சாய்வையும் கணிப்பது பொறியியல். ஆனால் பெருமழை நீரைத் தாங்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுவது சதுப்புநிலம் என்பதைச் சூழலியலே உணர்த்துகின்றது. சதுப்பு நிலம் மண்ணிட்டு நிரப்பப்படுமாயின், முன்பு பல நாட்களில் வடிந்த நீர் ஒருசேரக் கால்வாயை நோக்கி வரும். அக்கால்வாய் எவ்வளவு செம்மையாக வெட்டப்பட்டிருப்பினும் போதாது. 1992 யூன் மாத வெள்ளமும், பாராளுமன்ற வளாகத்தையே சூழ்ந்த 2010 நவம்பர் வெள்ளமும் இதனைத் தெளிவாக உணர்த்தின. எஞ்சிய சதுப்பு நிலங்களைப் பேணும் முயற்சியின் பயனாக, 2018இல் கொழும்பு றம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது.

மருதானைப் பாடசாலை தோன்றிய காலத்திற் பொறியியல் தனித்து நிற்கலாம் என்று கருதப்பட்டது. பின்னர் மொழியறிவின்றி அது மாணவரைச் சென்றடையாது என்பது புலனாயிற்று. அதன்பின் சூழலறிவின்றி அது நகரைக் காவாது என்பதும் புலனாயிற்று. கால்வாய்க் கரையில் வாழும் மக்களுக்கு வெள்ளம் வரும் காரணத்தை அவர்தம் மொழியில் விளக்கவும், அதே காரணத்தை உலகோர் அறியும் மொழியில் எழுதவும் வல்ல பொறியியலாளரே இந்நகருக்கு வேண்டப்படுகின்றனர். ஆங்கிலம் அவர்களுக்குக் கருவியாக அமைதல் வேண்டும். கிறீன் காட்டிய வழியிலே தமிழும் அறிவியலின் மொழியாக நிலைபெறல் வேண்டும். இம்மூன்று கல்வியும் ஒரே கூரையின் கீழ், தொழில் புரிவோர்க்கும் எட்டும் வகையில் அமையுமாயின், 1893இல் இடப்பட்ட வித்து முழுப்பயன் தந்ததாகும்.