ஐரோப்பாவில் வாடகைக் கார்: ஒப்பந்தத்தில் யாருடைய பெயர்?

கோடை விடுமுறைக்குக் கனடாவில் இருந்து சூரிச்சுக்கு வந்திறங்கி, விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஸ்ருட்கார்ட்டில் பெரியப்பா வீடு, பரிசில் சித்தி மகளின் கலியாணம் என்று ஓடித் திரிவது நம்மவர்களிடையே வழமையாகிவிட்டது. நாள் வாடகை மலிவு என்று மகிழ்கிறோம். பெரிய செலவுகள் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கின்றன.

முதலாவது, சாரதியின் பெயர். வந்தவர் களைத்திருப்பார். "தாங்கோ, எனக்கு ரோட்டுத் தெரியும்" என்று மச்சான் காரை எடுப்பார். மச்சானின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாமல் விபத்து நடந்தால், காருக்கான காப்புறுதி செல்லாமல் போய், முழுச் சேதமும் வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழலாம். மேலதிக சாரதியைச் சேர்க்கும் கட்டணம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. காருக்குச் சுவிஸ் இலக்கத்தகடு, மச்சான் வசிப்பது பிரான்சிலோ ஜேர்மனியிலோ என்றால் இன்னும் கவனம் தேவை: ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் அப்படிப்பட்ட காரை ஒன்றியத்துக்குள் ஓட்டுவதற்குச் சுங்கக் கட்டுப்பாடுகள் உண்டு. எந்தெந்த நாடுகளுக்குப் போகிறோம், யார் யார் ஓட்டுவார்கள் என்பதைச் சாவி வாங்கும்போதே சொல்லி எழுத்தில் பெற வேண்டும்.

பிணைப்பணம் பெரும்பாலும் சாரதியின் பெயரில் உள்ள கடனட்டையில்தான் மறிக்கப்படும். மனைவியின் அட்டையை நீட்டினால் ஏற்கமாட்டார்கள். "முழுக் காப்புறுதி" என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. ரயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, மாறி அடித்த எரிபொருள் ஆகியவை பல ஒப்பந்தங்களில் அதற்குள் வராது. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஓட்டோமற்றிக் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். சர்வதேச அனுமதிப்பத்திரத்தை ஊரிலேயே எடுத்து வரவேண்டும். சொந்த அனுமதிப்பத்திரம் கையில் இல்லாமல் அது செல்லாது.

வீதியில் கனடாப் பழக்கங்கள் சில ஆபத்தானவை. ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம்; இங்கே அதற்கென்று தனி அடையாளம் இல்லாவிட்டால் குற்றம். பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருபவருக்கே முன்னுரிமை. அவர் சின்ன ஒழுங்கையால் வந்தாலும் நாம்தான் நிற்க வேண்டும். பிரான்சின் நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. சுவிசில் 120, பகலிலும் விளக்கு எரிய வேண்டும். 12 வயதுக்கும் 150 சென்ரிமீற்றருக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே தனி இருக்கை கட்டாயம். கலியாண வீட்டால் திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டு வருவதெல்லாம் சரிவராது.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங் வரிவில்லை வேண்டும். அங்கே எடுத்த காரில் அது வழமையாக இருக்கும். பிரான்சிலோ ஜேர்மனியிலோ எடுத்த காரில் பெரும்பாலும் இராது. பிடிபட்டால் 200 பிராங் தண்டம், வரிவில்லைக் காசு வேறு. ஊருக்குள் 50 என்ற இடத்தில் 6 முதல் 10 வரை கூடினால் 120 பிராங், 11 முதல் 15 வரை 250. அதற்கு மேல் போனால் வழக்கு. பிரான்சில் ஊருக்கு வெளியே 20க்குக் குறைவாக மீறினால் 68 யூரோ, விரைந்து கட்டினால் 45.

தண்டக் கடிதம் முதலில் வாடகை நிறுவனத்துக்குத்தான் போகும். அவர்கள் நம் விலாசத்தைப் பொலிசுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணத்தை நமது அட்டையில் எடுப்பார்கள். தண்டம் பிறகு தனியாக வரும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ரொறன்ரோ வீட்டுக் கதவில் அந்தக் கடிதம் விழ மாதங்கள் ஆகலாம். ஒப்பந்தம், படங்கள், எரிபொருள் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்காவது வைத்திருங்கள்.