பனிப்புயல் போடாதே தம்பி

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு கோயில்கள்தான். வடக்கே இருந்த மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு மனைவியர் பெயரிலும் கட்டியவை என்று கல்வெட்டு சொல்கிறது. 2007 வாக்கில் ஒரு சாயங்காலம் அந்த அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டே என் பெரியப்பா மகன் சொன்னார்: “மூணாவது கோயில் இன்னும் லோடு ஆகல தம்பி. நம்ம மிஷினுக்கு ரெண்டுதான் தாங்கும்.”

அப்போது நாங்கள் இருவரும் ராக்னராக் ஆன்லைன் ஆடிக்கொண்டிருந்தோம். தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட கேம். 2000களின் நடுவில் லெவல் அப்! என்ற நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முகம் தெரியாத நூறு பேரோடு ஒரே உலகத்தில் நடமாடுவது என்றால் என்னவென்று என் வயதுக்காரர்கள் பலர் தெரிந்துகொண்டது அதில்தான். நான் திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் அறையில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர். அண்ணனுக்குக் கொடும்பாளூர் வீட்டில் செலரான் பிராசசர், 256 எம்பி ரேம், மதர்போர்டோடு ஒட்டிவந்த கிராபிக்ஸ், பிஎஸ்என்எல் டேட்டாஒன் இணைப்பு. ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை டவுன்லோடு கணக்கில் சேராத திட்டம் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருப்பவர்கள் கை தூக்கலாம்.

அந்த மிஷினில் ராக்னராக் ஓடியதற்குக் காரணம் உண்டு. தரை, சுவர், மரம் எல்லாம் முப்பரிமாணம். ஆனால் மனிதர்கள் தட்டையான படங்கள். எட்டுத் திசைக்கும் முன்கூட்டியே வரைந்து வைத்த உருவங்கள், கேமராவைத் திருப்பினால் தானும் திரும்பிக்கொள்ளும் அட்டை பொம்மைகள். உடம்பு ஒரு படம், தலை ஒரு படம், தொப்பி இன்னொரு படம். நூற்றுக்கணக்கான முக்கோணங்களைக் கூட்டி ஒரு ஆளைச் செய்வதற்குப் பதில் நாலைந்து படத்தை அடுக்கினால் ஆள் தயார். அமெரிக்காவில் 1999இல் வந்த எவர்க்வெஸ்ட், தனி முப்பரிமாண கார்டு இல்லாவிட்டால் உள்ளேயே விடாது. ராக்னராக்கின் அட்டை பொம்மைகள் நம் அசெம்பிள் மிஷின்களை உள்ளே விட்டன.

ஆனால் வாராவாரம் கோட்டை முற்றுகை என்று ஒன்று நடக்கும். ஒரு சின்ன அறைக்குள் ஐம்பது பேர் மோதுவார்கள். நான் மந்திரவாதி. ஸ்டார்ம் கஸ்ட் என்ற பனிப்புயல்தான் என் பிழைப்பு. நான் அதைப் போட்டதும் ஹெட்போனில் அண்ணன் குரல் வரும்: “பனிப்புயல் போடாதே தம்பி, இங்க தொங்குது.”

ஒரு பொறியாளனாக எனக்கு அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் புரியப் பத்து வருடம் ஆனது. ஆன்லைன் கேமில் சர்வர் படம் அனுப்புவதில்லை, சேதி அனுப்புகிறது. ‘இந்த ஆள், இந்த இடத்தில், இந்த மந்திரம்’. சில பைட்டுகள்தான். அதை வரையும் பாடு அறையில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக உண்டு. வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அண்ணனின் செலரானுக்கு வினாடிக்கு 15 படம் வந்தாலே தீபாவளி. நான் ஒரு பட்டனைத் தட்டியதற்கு அவர் மிஷின் கூலி கொடுத்தது. தனியாக ஆடும் கேமில் கிராபிக்ஸ் என் சொந்த விஷயம். கூட்டத்தோடு ஆடும்போது என் ஆடம்பரம் அடுத்தவன் தலையில் ஏறும் சுமை.

ராக்னராக்கில் இதற்கு ஒரு கைவைத்தியம் இருந்தது. ‘/எஃபெக்ட்’ என்று தட்டினால் மந்திரக் காட்சிகள் எல்லாம் அணைந்துபோகும். வேகம் வந்துவிடும். ஆனால் எதிரி போட்ட புயலும் கண்ணுக்குத் தெரியாது, நேராக அதற்குள் நடந்துபோய்ச் சாவீர்கள். ‘/மின்எஃபெக்ட்’ என்று இன்னொன்று. புயலைச் சுருக்கிக் காட்டி, எங்கே ஆபத்து என்பதை மட்டும் சொல்லும். இந்தத் துறையில் நான் பார்த்த நேர்மையான செட்டிங் அதுதான் என்பேன். அழகில்லை, ஆனால் சண்டைக்கு வேண்டிய தகவல் இருக்கிறது.

அதுவும் போதாமல் போனது. ஒரு முற்றுகையில் வாசலைக் காக்க வேண்டிய நேரத்தில் அண்ணனின் மிஷின் ஹேங் ஆகி நின்றது. கோட்டை போய்விட்டது. கில்டு தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. “மிஷின மாத்துங்க பாஸ், இல்லன்னா முற்றுகைக்கு வராதீங்க.” அண்ணன் “சரிங்க” என்றார். நான் அதே அரட்டையில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என் ஹாஸ்டல் மிஷினில் பனி வெள்ளை வெளேரென்று அழகாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த இந்திய சர்வரையும் மூடிவிட்டார்கள்.

இதே தகராறு அதற்கு முன்பே வேறு இடங்களில் நடந்து முடிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. எவர்க்வெஸ்ட் 2001 டிசம்பரில் ‘ஷாடோஸ் ஆஃப் லக்லின்’ என்ற விரிவாக்கத்தில் எல்லா இனத்தாருக்கும் புது உருவங்களைக் கொடுத்தது. அத்தனையையும் ஏற்ற அன்றைக்குப் பலரிடம் இருந்ததைவிட அதிக ரேம் வேண்டும். ஆகவே இந்த இனத்துக்குப் புதுசு, அந்த இனத்துக்குப் பழசு என்று தனித்தனியாக அணைக்கும் வசதியும் வைத்தார்கள். பலர் பழைய மூஞ்சியோடேயே தொடர்ந்தார்கள். கொஞ்சம் வசதிக்காக, கொஞ்சம் பழகிய பாசத்துக்காக.

பெரிய சூதாட்டம் 2004 நவம்பரில். எவர்க்வெஸ்ட் 2 அந்த மாதம் 8ஆம் தேதி வந்தது. வருங்காலத்து மிஷின்களை மனதில் வைத்துச் செய்த கேம். உச்சபட்ச செட்டிங்கை அன்றைய எந்த வீட்டுக் கம்ப்யூட்டராலும் ஓட்ட முடியாது, அதை ஒளிக்கவும் இல்லை. இரண்டு வருடம் பொறுங்கள், பிராசசர் வேகம் வந்து சேரும் என்பது கணக்கு. தப்பான கணக்கு என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்டெல்லே 10 கிகாஹெர்ட்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். ஆனால் கேம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபரில், சூடு தாங்காமல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார். வேகம் ஏறுவது நின்றது, கோர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத கேமுக்கு நாலு கோர் இருந்து என்ன பயன்? பந்தியில் ஒருவர் மட்டும் ஓடி ஓடிப் பரிமாற மூன்று பேர் வாளியோடு நிற்கிற கதைதான்.

அதே மாதம் 23ஆம் தேதி வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று கேலி வாங்கியது. குறைந்தபட்சத் தேவை 800 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம். வெளிச்சமும் நிழலும் கணக்குப் போட்டு வருவதைவிட, பெரும்பாலும் ஓவியர் கையால் பரப்பின் மேலேயே தீட்டியவை. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜெயித்தவரையும் ஒற்றைக் கோர் வியாதி விடவில்லை. பழைய ஆன்லைன் கேமை இன்றைய லட்ச ரூபாய் மிஷினில் போட்டாலும் கூட்டத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கிராபிக்ஸ் கார்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும், பிராசசரின் ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்கும். வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் பெரிய திருத்தம் வார்கிராஃப்டுக்கு வந்தது 2018 டிசம்பரில், 14 வயதான பிறகு. 2012இல் வந்த கில்டு வார்ஸ் 2, டைரக்ட்எக்ஸ் 9இலிருந்து 11க்கு மாறத் தொடங்கியது 2021இல். ஓடுகிற பஸ்ஸில் இன்ஜின் மாற்றுவது அப்படித்தான். நானும் அந்த மாதிரி வேலை பார்த்திருக்கிறேன், சிரிக்க மாட்டேன்.

ராக்னராக்கையும் இந்த ஆசை விடவில்லை. அட்டை பொம்மைகளைத் தூக்கிவிட்டு அன்ரியல் இன்ஜினில் முழு முப்பரிமாணத்தில் ராக்னராக் 2 செய்தார்கள். யோகோ கன்னோ இசை வேறு. 2007இல் கொரியாவில் திறந்த சோதனைக்கு வந்தது, எடுபடவில்லை. வேறு இன்ஜினில் திரும்பச் செய்து 2012இல் விட்டார்கள், அதுவும் நிலைக்கவில்லை. முதல் ராக்னராக், தட்டை மனிதர்களோடு இன்றும் ஓடுகிறது. ரூன்ஸ்கேப் 2008இல் பளபளப்பாக மாறியது. 2013இல் ஆட்டக்காரர்கள் லட்சக்கணக்கில் ஓட்டுப்போட்டு, 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த பிரதியைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கு முக்கியக் காரணம் சண்டை முறையை மாற்றியது, கிராபிக்ஸ் மட்டுமல்ல. இருந்தாலும் அந்தப் பழைய பதிப்புக்கு ஒரு ரசிகர் இரண்டு வருடம் உழைத்து அழகான கிராபிக்ஸ் செய்தபோது, 2021இல், நிறுவனம் தடுக்கப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் கேமுக்குள்ளேயே கூடிப் போராடியதும் சில நாளில் இறங்கிவந்தது. வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவருக்குப் பழசு அப்படியே இருக்கும். எனக்குப் பிடித்த தீர்ப்பு அது.

ஆனால் தீர்ப்பு சொல்லும் இடத்தில் நான் உட்கார்ந்தபோது அப்படி நடந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் எங்கள் செயலியின் புது வடிவம் பற்றிய கூட்டம். புது அனிமேஷன்கள் எல்லாம் பிரமாதம், பழைய 2 ஜிபி போன்களில் மட்டும் தடுமாறியது. திரையில் ஒரு வரைபடம், அந்த போன்கள் அதன் ஒல்லியான வால். ‘ஆதரவை நிறுத்திவிடலாமா?’ என்ற கேள்விக்கு நானும் தலையாட்டினேன். குரலை யாரும் உயர்த்தவில்லை.

அண்ணன் இப்போது ஊர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, சிட்டா, கரன்ட் பில். போனில் செயலி திறக்காதவர்கள்தான் அவர் வாடிக்கையாளர்கள். போன பொங்கலுக்குப் போனபோது, இன்னும் ஓடுகிற ஒரு சர்வரில் இரண்டு பேரும் ஏறினோம். நான் லேப்டாப்பில், அவர் கடைக் கம்ப்யூட்டரில். புரோன்டெரா நகரச் சதுக்கத்தில் அதே அட்டை மனிதர்கள். வெளியே போய் ஒரு பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் நின்றோம்.

“அண்ணே, பனிப்புயல் போடவா?”

“இரு தம்பி. பிரின்ட் போய்ட்டிருக்கு, இது தொங்குனா அது நின்னுடும்.”

கடை வாசல் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய சிட்டா பாதி வெளியே வந்திருந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.